கூலர் மேல் நறுமுகை

தலைநகரில், ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸின் மூன்றாம் மாடி பால்கனியில் என் இரண்டு வயதுப் பேத்தி நறுமுகை தகர ஏர் கூலர் மேல் ஏறி நிற்கிறாள். ஒரு கால் கைப்பிடிச் சுவரில். கண் வெளியே புறாவின் மேல். கொலுசு தகரத்தில் கிணுகிணுக்கிறது. நான் ஓடினால் விளையாட்டென்று சுவரில் தாவிவிடுவாள். “இறங்கு கண்ணு.” திரும்பவில்லை. அவளைப் பார்த்துக்கொள்ள வரும் ஆயா இந்தியில் கூப்பிட்டால்தான் இறங்குவாள். அந்த இந்தியை வீட்டுக்குள் தடுத்தவன் நான். கூடத்தில் என் இளைய மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள். “எங்க வீட்டுல தமிழ் மட்டும்தான்” என்று சற்றுமுன் அவர்களிடம் சொல்லியிருக்கிறேன். மறுகாலும் சுவரைத் தொடுகிறது. “நீச்சே ஆஜா, பேட்டா!” இறங்கி வா என்று நானே இந்தியில் கூப்பிடுகிறேன். கூடத்தில் பேச்சு நிற்கிறது. அவள் சிரித்தபடி திரும்பி, ஓடிப்போய் நீட்டிய என் கைகளில் விழுகிறாள். “அடடே, சார் இந்தி நல்லாவே பேசறாரே!” என்கிறார் மாப்பிள்ளையின் தகப்பனார். நான் நிமிர்ந்து நிற்கிறேன். நறுமுகை கூலரைக் காட்டி, மறுபடி ஏற்றிவிடச் சொல்கிறாள், இந்தியில்.