தாவாத சைக்கிள்

"எல்லாத்தையும் கழட்டிடு, இங்குன். தாவுறதுக்குன்னு இருக்கிற சாமான் ஒண்ணுகூட மிஞ்சக் கூடாது."

ஹல்வார் தன் சைக்கிளை என் பட்டறை மேடையில் தூக்கி வைத்தான். பத்தொன்பது கிலோ. எங்கள் பள்ளத்தாக்கில் அதைத் தெரியாதவர் கிடையாது. பதினான்கு மீட்டர் பள்ளத்தை அந்தரத்தில் தாண்டிய வண்டி.

"கழட்டிட்டு?"

"லேசா ஆக்கு. ஏத்தத்துல மிதிச்சு ஏறணும், காட்டுப் பாதையில சுகமா ஓடணும். அவ்வளவுதான்."

கடைச் சோபாவிலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பியது. வேறு யார்? சீவர்ட்தான்.

"கேட்டியா இங்குன்? சிங்கம் இன்னிலேருந்து சைவமாம்!"

இருவரும் சின்ன வயதிலிருந்து ஒன்றாகத் தாவியவர்கள். புதிய பள்ளம் என்றால் ஹல்வார் முன்னால் போவான். அவன் பின்சக்கரத்தைப் பார்த்தபடி, அதே வேகத்தில் சீவர்ட் போவான். இரண்டு வருடத்துக்கு முன் அப்படிப் போனபோதுதான் சீவர்ட் விழுந்தான். முதுகெலும்பில் ஆறு திருகாணி.

'தாவாதே, மற்றபடி ஓட்டு' என்று மருத்துவர் சொல்லி எட்டு மாதம் ஆகிறது. இவனோ சைக்கிளையே விற்றுவிட்டு, மலைப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை. தினமும் என் கடைக்கு வந்து, என் காபியைக் குடித்து, வருகிறவன் போகிறவனையெல்லாம் வாரிவிடுவதுதான் உத்தியோகம். இப்படியே இவன் காலம் ஓடிவிடுமோ என்று எங்களுக்கெல்லாம் கவலை.

ஆனால் அன்றைக்கு எனக்கும் ஹல்வார் மேல்தான் கோபம்.

"சைக்கிளோட மேல ஏத்திவிடுற ரோப்கார போன ஞாயித்துக்கிழமை குளிர்காலத்துக்கு மூடிட்டாங்க, அதுக்காகவா இது? ஜூன்ல திறக்கத்தானே போறாங்க? அதுவரைக்கும் பழைய சைக்கிள் ஒண்ணை ஓட்டேன். இது தங்கம் மாதிரி வண்டிடா."

"கழட்டு இங்குன்."

கழற்றினேன். முன்சக்கரத்தைத் தாங்கும் பெரிய ஃபோர்க் போயிற்று. பின்னால் கட்டைவிரல் தடிமனில் இருந்த ஸ்பிரிங் போய், குலுக்கலைத் தாங்கக் காற்றடைத்த ஷாக் வந்தது. தடித்த டயர்கள் போயின. ஏற்றத்துக்கென்று சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு பல்சக்கரம் மாட்டினேன். சீட்டை ஏற்றி இறக்க ஒரு பொத்தான் வைத்தேன்.

சீவர்ட் சும்மா இருப்பானா? ஹல்வார் வாங்கி வந்த வாஃபிளையே தின்றுகொண்டு அவனையே வாரினான்.

"முன்னாடி ஒரு கூடை மாட்டிவிடு இங்குன். ஐயா காளான் பொறுக்கப் போவாரு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ஒரு மணியும் கட்டு. ஆடு குறுக்க வந்தா அடிக்கணும்ல?"

இதற்கும் சிரித்தேன். ஹல்வார் அழுக்குத் துணியை எடுத்து, கழற்றிய சாமான்களை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"பயம் வந்துடுச்சுன்னு சொல்லித் தொலையேன்டா. சொன்னா குறைஞ்சா போயிடுவ?"

"ஆமாடா. பயம்தான்."

சீவர்ட் இதை எதிர்பார்க்கவில்லை. அவன் குரல் சூடாகிவிட்டது.

"என்னைப் பாரு. தாவ முடியாதுன்னு ஆனதும் விட்டேன். விட்டேன்னா விட்டேன்! உன்னை மாதிரி மானங்கெட்டு, இப்படி ஒண்ணைத் தடவிக்கிட்டு நிக்க மாட்டேன்."

சொல்லிவிட்டு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டான். அங்கே மலைதான் தெரியும்.

நான் சைக்கிளைத் தராசுக் கொக்கியில் மாட்டினேன். பதினான்கே முக்கால் கிலோ. கடைசி வேலை ஷாக்குக்குக் காற்று அடிப்பது. ஓட்டுகிறவரின் எடைக்குத் தகுந்தபடி அடிக்க வேண்டும். கூடிவிட்டால் கல்லாய்க் குதிக்கும். குறைந்தால் தரை தட்டும்.

பம்பை மாட்டினேன்.

"ஹல்வார், இப்ப என்ன எடை இருக்க? நூறு?"

"நூத்தி மூணு. ஆனா அதுக்கு அடிச்சிடாத."

"பின்னே எதுக்கு அடிக்கறது?"

ஹல்வார் சோபாவைப் பார்த்துத் திரும்பினான்.

"டேய் சீவர்ட், உன் எடை எவ்வளவுடா?"

 சீவர்ட் சைக்கிளைப் பார்த்தான். மேடையில் வரிசையாகக் கிடந்த சாமான்களைப் பார்த்தான். அவனோடு சேர்ந்து இவ்வளவு நேரம் சிரித்த எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

"எனக்கு எதுக்குடா..."

"புதுசு வாங்கித் தந்தா என் மூஞ்சியிலயே எறிவ. என் வண்டிய எறிய மாட்டேல்ல?"

"அப்போ நீ எதுல தாவுவ?"

"அதை ஜூன்ல பாத்துக்கலாம். ரெண்டு வருஷமா அந்த மலையில தனியா ஏறி எனக்கு அலுத்துப் போச்சு."

சீவர்ட் மூக்கை உறிஞ்சினான். முழங்காலில் கையை ஊன்றி மெதுவாக எழுந்து, மேடையருகே வந்து, சைக்கிளின் கைப்பிடியைத் தொட்டான். 

"தாவிக்கிட்டிருந்தப்ப எழுபது இருந்தேன்" என்றான். "உக்காந்தே கிடந்ததுல ஏறியிருக்கும். எண்பதுக்கு அடி, இங்குன்."