கண்ணாடிப் பெட்டி

டோக்கியோவின் அந்தப் பெரிய அருங்காட்சியகத்தில் வாள்களையும் புத்தர் சிலைகளையும் அஞ்சம்மாள் மூத்த மகனின் மனம் கோணாமல் இருக்கத்தான் பார்த்துக்கொண்டு வந்தாள். அடுத்த கூடத்தில் அந்தக் கண்ணாடிப் பெட்டியைக் கண்டதும் அவள் கால்கள் நின்றுவிட்டன. உள்ளே துணி சுற்றிய ஓர் உடல் மல்லாந்து கிடந்தது. நாகப்பட்டினத்தில் சாவு வீடுகளுக்கு வாடகைக்கு வருமே, அதே ஐஸ் பெட்டி.

"இது மம்மிம்மா. எகிப்துல என்னைக்கோ செத்தவன்" என்றான் கலைவாணன்.

அவள் பெட்டியின் தலைமாட்டில் தரையில் உட்கார்ந்து கொண்டையை அவிழ்த்துவிட்டாள். கடலுக்குப் போன சின்னவனின் உடல் கிடைக்கவே இல்லை. பெட்டி வராத வீட்டில் எதைப் பார்த்து அழுவது என்று இத்தனை வருஷமும் அழாமலே இருந்தவள், இப்போது கண்ணாடியில் நெற்றியை முட்டிக்கொண்டு ஓலமிட்டாள். கூடமே திரும்பிப் பார்த்தது. காவலர் ஓடி வந்தார்.

"எந்திரிம்மா, எல்லாரும் பாக்குறாங்க" என்று கலைவாணன் அவள் தோளைப் பிடித்தான்.

அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"எப்ப எடுக்குறாங்க?"

"எடுக்க மாட்டாங்கம்மா. இங்கயேதான் இருக்கும்."

"எடுக்கவே மாட்டாங்களா?"

"மாட்டாங்க."

அவள் காலை நீட்டி நன்றாக உட்கார்ந்துகொண்டாள்.

"அப்ப நீ போ. தம்பிகூட நான் இருக்கேன்."