நாற்காலிக்கு இரண்டு நிமிடம்

மணி அடித்தது. அவன் எழுந்து அடுத்த நாற்காலிக்கு மாறினான்.

இன்னும் பதினொரு நாற்காலி.

படகின் மேல்தளத்தில் நாற்காலிகள் இரண்டு வரிசை, எதிரும் புதிருமாக. ஒரு வரிசை அசையாது. மற்ற வரிசை, மணி அடிக்கும்போதெல்லாம் ஒரு நாற்காலி நகர வேண்டும். இரண்டு நிமிடத்துக்குள் தன் தொழிலைச் சொல்லி, எதிராளியின் தொழிலைக் கேட்டு, விசிட்டிங் கார்டை நீட்டிவிட வேண்டும்.

பெண் பார்க்கப் போன இடத்தில் பஜ்ஜி தின்பதற்கே இதைவிட அதிக நேரம் கொடுப்பார்கள்.

அசையாத வரிசையின் அந்தக் கோடியில் சுகந்தி உட்கார்ந்திருந்தாள்.

அவன் மனைவி. ஏழு மாதமாகச் சேலத்தில் தனியாக இருக்கிறாள். பள்ளிச் சீருடை தைத்துக் கொடுக்கிறாள். அவன் போன் செய்தால் எடுப்பதில்லை.

அவனுக்கு நீச்சல் தெரியாது. பவானியில் பரிசலைக் கரையிலிருந்து பார்த்தாலே இரண்டடி பின்னால் போவான். சிறுதொழில் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில், கோவாவில் நடக்கும் படகுச் சந்திப்புக்கு வருகிறவர்கள் பட்டியல் வந்தது. அவள் பெயர் இருந்தது. மூன்றே நிமிடத்தில் தன் பெயரையும் போட்டுவிட்டான்.

போனை எடுக்காதவளும் இங்கே இரண்டு நிமிடம் கேட்டுத்தான் ஆக வேண்டும். விதிமுறை அப்படி.

மணி.

"பார்சலுக்குச் சுத்தற பபிள் ஷீட் விக்கறேங்க. எதையும் உடையாம பாத்துக்கறது நம்ம பொறுப்பு. மாமியார் வீட்டுக்கு அனுப்பறதா இருந்தா ரெண்டு சுத்து இலவசம்."

ஒவ்வொரு நாற்காலியிலும் அவன் அதையேதான் சொன்னான். நூல் வியாபாரி சிரித்தார். மசாலா கம்பெனி அம்மா சிரித்தார். பம்பு செட்காரர் மேசையைத் தட்டிச் சிரித்தார்.

அவன் அவர்கள் தோளுக்கு மேலாக அந்தக் கோடியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் கழுத்தில் பெயர் அட்டை தொங்கியது. பெயருக்கு முன்னால் எந்த எழுத்து? கல்யாணமான நாளிலிருந்து அவன் எழுத்துதான். அப்பா எழுத்துக்குத் திரும்பிவிட்டாளா?

மாண்டோவி ஆற்றுக் காற்று அட்டையைப் புரட்டிப் புரட்டிப் போட்டது. அவனுக்குக் கிடைத்ததெல்லாம் அதன் வெள்ளை முதுகு.

மணி.

பாலம் வந்ததும் பாட்டும் நடனமும் என்று மைக்கில் சொன்னார்கள். நாற்காலிகளை எடுத்துவிடுவார்களாம்.

இன்னும் நான்கு.

பாலம் தெரிந்தது.

வாழ்க்கையில் முதல்முறையாக, ஒரு படகு மெதுவாகப் போகட்டும் என்று அவன் வேண்டிக்கொண்டான். குலதெய்வத்துக்கே ஆச்சரியமாக இருந்திருக்கும்.

இன்னும் ஒன்று. எதிரில் ஊறுகாய் ஏற்றுமதி செய்கிறவர். நல்ல மனிதர். அவன் பேச்சைக் கேட்டுச் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"உங்க ஊட்ல எந்நேரமும் கலகலன்னு இருக்குமே."

இருந்தது.

அவள் அப்பா இறந்த வீட்டில்கூட அப்படித்தான் இருந்தது. வாசல் பந்தலில் உட்கார்ந்திருந்த பங்காளிகள் நாலு பேரை அவன் சிரிக்க வைத்தான். உள்ளே அவள் அழுதுகொண்டிருந்தாள். சிரிப்புச் சத்தம் கேட்டு நிறுத்தினாள். அதற்குப் பிறகு அவள் அழுது அவன் பார்க்கவில்லை.

பதினாறாம் நாள் சூட்கேஸை மூடிக்கொண்டு கேட்டாள். ஒரே ஒரு தடவை, சிரிக்க வைக்காமல் தன்னிடம் எதையாவது சொல்ல முடியுமா என்று.

இந்தக் கனத்துக்கு பஸ்காரன் தனி டிக்கெட் கேட்பான் என்றான் அவன்.

மணி.

உட்கார்ந்தான்.

அட்டை இப்போது நேராக இருந்தது. சுகந்தி என்று மட்டும் போட்டிருந்தது. எந்த எழுத்தும் இல்லை. குனிந்து தன் அட்டையைப் பார்த்தான். அதிலும் இல்லை. சங்கத்துக்காரர்கள் யாருக்குமே போடவில்லை. இதற்காகத்தான் அரை மணி நேரமாகக் கழுத்தை ஒடித்துக்கொண்டிருந்தான்.

பழக்கதோஷத்தில் கை கார்டை நீட்டிவிட்டது.

அவள் வாங்கிக்கொண்டாள். முன்பக்கம் படித்தாள். திருப்பிப் பின்பக்கமும் படித்தாள்.

காதோரம் நரைத்திருந்தது. சாயம் போடுவதை விட்டுவிட்டாள் போல.

வாயைத் திறந்தான். ஒரு வேடிக்கைப் பேச்சு தொண்டைவரை வந்தது. விழுங்கினான். இன்னொன்று வந்தது. அதையும் விழுங்கினான். பந்தி முடிகிற நேரத்தில் வந்து நிற்கிற விருந்தாளிகள் மாதிரி வந்துகொண்டே இருந்தன.

ஈரோட்டிலிருந்து ரயிலில் மனப்பாடம் செய்துகொண்டு வந்ததில் ஒரு வரிகூட அகப்படவில்லை.

அவள் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாலத்தின் நிழல் படகின் முன்பக்கத்தில் ஏறியது.

மணி.

அடுத்த ஆள் வந்து பக்கத்தில் நின்றார். சோலார் பேனல்காரர். கையில் கார்டு தயாராக இருந்தது. அவன் பாதி எழுந்தான்.

"கொஞ்சம் பொறுங்க," என்றாள் அவள், சோலார்காரரிடம். "இவரு இன்னும் ஆரம்பிக்கவே இல்லீங்க."

சோலார்காரர் நின்றார். அவருக்குப் பின்னால் ஊறுகாய்க்காரர் எதிரில் உட்கார வேண்டியவர் நின்றார். அவருக்குப் பின்னால் இன்னொருவர். ஒருவன் நகரவில்லை என்றால் வரிசையே நகராது. மணி வைத்திருந்தவர் என்னவோ ஏதோ என்று ஓடி வந்தார். யாரோ பாட்டைப் போட்டுவிட்டார்கள்.

அவன் திரும்ப உட்கார்ந்தான்.

அந்த வாசல் பந்தலிலிருந்து ஆரம்பித்தான்.