கயிற்றில் தொங்கிய சிலிண்டர்

பெரிய படகில் முக்குளிக்க நாற்பது பேர் வருவார்கள். திரும்பும்போது அத்தனை தலையையும் எண்ணுவது நங்கூரத்தின் வேலை. உட்கார்ந்த இடத்திலிருந்தே எண்ணுவார், அதனால்தான் அந்தப் பட்டப்பெயர். போன வருஷம் ஒருநாள், கூட்ட நெரிசலில், நாற்பதும் சரி என்று கைகாட்டிவிட்டார். ஒரு பெண் ஏறவில்லை. அவள் கிடைக்கவே இல்லை.

அப்புறம் ஆறே பேர் ஏறும் சின்னப் படகுக்கு வந்துவிட்டார். போவது என்னவோ அவள் தொலைந்த அதே பாறைப் பக்கம்தான். மேலே வரும் வழியில் யாருக்காவது காற்று தீர்ந்தால் உதவட்டும் என்று, படகுக்கு அடியில் காற்று நிரப்பிய ஒரு சிலிண்டரைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுவார். அதை யாரும் தொட்டதில்லை. ஆனாலும் தினமும் காலியாகத்தான் மேலே வந்தது.

“என்னண்ணே, மீனுக்கா காத்து குடுக்கறீங்க?” என்றாள் படகுக்காரி. வால்வை மாற்றினாள், சிலிண்டரையே மாற்றினாள். அதுவும் காலி. “நாளைக்கும் இப்படின்னா வேற வேலை பாத்துக்கங்க.”

மறுநாள் ஆறு பேரும் ஏறி, தலை துவட்டிக்கொண்டிருந்தார்கள். நங்கூரம் கயிற்றை இழுத்தார். சிலிண்டர் மீட்டரின் முள் இம்மியும் இறங்கியிருக்கவில்லை.

“அப்பாடா, உங்க வேலை தப்பிச்சுதுண்ணே!” என்று படகுக்காரி இன்ஜினைக் கிளப்பினாள்.

அவர் மீட்டரை இன்னொரு முறை பார்த்தார். சிலிண்டரை மறுபடி தண்ணீருக்குள் இறக்கினார்.

“இன்ஜினை நிறுத்தும்மா,” என்றார். “அவ இன்னும் வரலை.”