பைக்குள் இரும்பு

கல்தூக்கி இடுப்புவாரை வழக்கமான ஓட்டையிலேயே மாட்டிக்கொண்டார். இரண்டு பைகளிலும் பைக்கொன்றாக இரும்புத் துண்டுகளைத் திணித்தார். சிகிச்சைக் கூடத்தின் வாசலில் இருந்த தராசில் ஏறினார். முள் அறுபத்தொன்றில் நின்றது.

எடைக்காரி அட்டையைப் பார்த்தாள், ஆளைப் பார்த்தாள்.

"பத்து மந்திரம் சொன்ன உடம்பு மூணு கிலோ ஏறியிருக்கு. மந்திரம் சொன்னியா, விருந்து சாப்பிட்டியா? பையைக் காட்டு தம்பி."

"அக்கா, உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன்..."

"காலெல்லாம் அப்புறம். முதல்ல பை."

மந்திரத்துக்குத் தீனி சதை. ஒரு தடவைக்கு அரைக் கிலோ. அதனால் பத்து மந்திரத்துக்கு ஒருமுறை எடை பார்ப்பார்கள். ஐம்பத்தைந்துக்குக் கீழே இறங்கியவரை உள்ளே விடமாட்டார்கள். மீறிப் போன சிலருக்குப் பாதி மந்திரத்திலேயே இதயம் நின்றிருக்கிறது.

கல்தூக்கிக்கு இது தெரியாததல்ல. பதினைந்து வருஷமாகக் கட்டட வேலையில் பாறைகளை மந்திரத்தால் எழுப்புகிறவர். பாறைமேல் உள்ளங்கையைப் பதித்துச் சொன்னால்தான் அது எழும்பும். மந்திரம் முதலில் கை பட்ட இடத்தில் சதை தேடும். கல்லில் ஏது சதை? திரும்பி வந்து ஆளைத் தின்னும்.

உள்ளே வைத்தியர், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, கட்டில் கட்டிலாக முணுமுணுத்தபடி போய்க்கொண்டிருந்தார். நாற்பது நோயாளிக்கும் அவர் ஒருவர்தான். அதனால் மந்திரப் பழக்கமுள்ள உறவினர் வந்தால், காய்ச்சல் மந்திரத்தை அவசரமாகச் சொல்லிக்கொடுத்துத் திரைக்குள் அனுப்பிவிடுவார்.

எடைக்காரி இரும்பை வாங்கி மேஜையில் வைத்தாள்.

"காய்ச்சல் விட்டுடுச்சுக்கா," என்றார் கல்தூக்கி. "ஆனா என் பொண்ணு நாளுக்கு நாள் குச்சியா இளைக்கிறா. வியாதி உள்ளே இருந்து அரிக்குது. நான் விட்டா அது ஜெயிச்சிடும். இன்னும் ஒரே ஒரு தடவை."

"நீ செத்துட்டா அவளுக்கு யாரு இருக்கா?"

"அவ போயிட்டா எனக்கு யாருக்கா இருக்கா?"

அவள் தராசைக் காட்டினாள். "ஏறு. நிஜ எடை என்னன்னு பார்ப்போம்."

கல்தூக்கி கண்ணை மூடிக்கொண்டு ஏறினார்.

முள் ஐம்பத்தெட்டில் நின்றது. வந்த முதல் நாள் அட்டையில் எழுதியதும் அதே ஐம்பத்தெட்டு.

எடைக்காரி தராசைத் தட்டினாள். தானே ஏறிப் பார்த்தாள். தராசில் கோளாறு இல்லை.

கல்தூக்கி சிரித்தேவிட்டார். ஆறு நாளில் முதல் சிரிப்பு. "பாத்தீங்களா! ஒரு கிராம் குறையல. கல்லு தூக்கித் தூக்கி உடம்பும் கல்லாயிடுச்சு. வழியை விடுங்கக்கா, பாப்பா காத்திருக்கா."

அவள் விடவில்லை. அவர் சட்டைக் கையை இறுக்கிப் பிடித்தாள். திரையின் இடுக்கில், கட்டிலிலிருந்து தொங்கிய சின்ன மணிக்கட்டு தெரிந்தது. தோல், அதற்குள் எலும்பு, நடுவில் எதுவுமில்லை.

அவள் அவர் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள்.

"தம்பி... மந்திரம் சொல்றப்போ கையை எங்க வச்சுக்குவே?"

"இதென்ன கேள்விக்கா? பாப்பா நெஞ்சு மேலதான்."