வெயிலில் காயும் இலைகள்

மன்னார்த் தீவில் ஒரு பள்ளிக்கூட முற்றம். வெண்மணலில் பழைய தாள்கள் வரிசையாகக் காய்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு செடி வேரோடு ஒட்டியிருக்கிறது. காற்று தூக்காமலிருக்க மேலே ஒரு முருகைக்கல். உப்புக்காற்றில் பூஞ்சணம் பிடிக்காதிருக்க, மழைக்கு முன் தாவரவியல் ஆசிரியை றிஸானா இவற்றை விரிப்பது வழக்கம். இம்முறை பெட்டி பூட்டிய உழவு இயந்திரம் வரும் பாதையிலேயே விரித்திருக்கிறார். இவை இருந்த இடம் புதிய கணினி அறைக்கு வேண்டும். தாள்களை ஏற்றிப்போய் எரிக்கும்படி பள்ளி அதிபர் சொல்லியிருக்கிறார். “கருவாடு மாதிரிக் காயப்போட்டிருக்கிறீங்கள், டீச்சர். கொஞ்சம் அள்ளுங்கோ,” என்று சிரிக்கிறார் சாரதி பவ்ஸான். “மீனெண்டா திரும்பப் பிடிக்கலாம், பவ்ஸான் நானா. மறிச்சுக்கட்டியில இந்தச் செடி நிண்ட இடம் இப்ப றோட்டு. இனி ஆரும் கேட்டா இதைத்தான் காட்டலாம்.” இயந்திரம் உறுமுகிறது. கற்கள் முடிந்துவிட்டன. கடைசித் தாளை முன்சக்கரத்தின் எதிரே வைத்து, ஒரு செருப்பைக் கழற்றி அதன் ஓரத்தில் வைக்கிறார் றிஸானா. காற்று மறு ஓரத்தைத் தூக்குகிறது. மற்றச் செருப்பையும் கழற்றுகிறார். சுடுமணலில் வெறுங்காலோடு நிற்கிறார், விலகவில்லை. உறுமல் நிற்கிறது. பவ்ஸான் இயந்திரத்தின் திறப்பைக் கழற்றி மடியில் செருகிக்கொண்டு இறங்குகிறார். “அதிபர் கேட்டா, வழியில கருவாடு காயுதெண்டு சொல்றன்.”