குழாயடிக்குப் போகாத வலை

குளியலறையில் குழாய் திறக்கும் சத்தம் கேட்டதுமே, ஏசிக்குள் இருந்த தூசி வடிகட்டும் வலைக்கு உடம்பெல்லாம் வெடவெடத்தது.

"தேய்ச்சுக் கழுவினா கிழிஞ்சே போயிடுவேன் அண்ணே!"

"போய்ட்டு வாடா ராசா," என்றது பின்னாலிருந்த காற்றாடி. "உன் அழுக்குல எனக்கு மூச்சு முட்டுது."

"உனக்கென்ன, உன்னையா பிரஷ்ஷால தேய்க்கிறாங்க?"

மூடி திறந்தது. இரண்டு விரல்கள் வலையைப் பிடித்து இழுத்தன. அது பல்லைக் கடித்துக்கொண்டு சட்டத்தை இறுகப் பற்றியது.

"வரமாட்டேங்குதே, உடைஞ்சிடப் போகுது. அடுத்த மாசம் பாத்துக்கலாம்," என்று வீட்டுக்காரர் மூடியைச் சாத்தினார்.

"தப்பிச்சோம் அண்ணே!"

காற்றாடி ஏதோ சொல்ல வந்து, இருமி, நின்றுபோனது.

"அண்ணே?"

முதுகில் சில்லென்று என்னவோ பட்டது. காற்றோட்டம் அடைபட்ட குளிர்க்குழாய்களின் மேல் பனி உறைந்து, வலையை நோக்கி மெல்ல வளர்ந்துகொண்டிருந்தது.